புது ஆடுகளை வீட்டுக்குக் கொண்டுவரும்போது: முதல் ஒரு மாதம்

வீட்டில் ஏற்கெனவே மூன்று பெட்டை வெள்ளாடுகள் இருக்கின்றன, இப்போது வேறோர் இடத்திலிருந்து இரண்டு இளம் பெட்டைகளையும் ஒரு கிடாக்குட்டியையும் கொண்டுவரப் போகிறோம், வந்த அன்றே பழைய ஆடுகளோடு கொட்டிலில் விடலாமா, முட்டிக்கொண்டால் என்ன செய்வது, பிள்ளைகள் அவற்றோடு விளையாடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். விடாதீர்கள். குறைந்தது 30 நாள் தனியாக வையுங்கள்.

புதிதாக வந்த ஆடு இரண்டு மூன்று வாரத்துக்குள் நோயில் விழுந்தால், சீக்கு ஆட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று விற்றவர் மேல்தான் எல்லோருக்கும் கோபம் வரும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் வாங்கும்போது நல்ல திடமாக இருந்த ஆடுகளும் அப்படி விழுவதை நிறையவே பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் அந்த ஆட்டுக்கு இடம் மாறுகிறது, கூட்டம் மாறுகிறது, தீவனம் மாறுகிறது, தண்ணீர் மாறுகிறது, அதுவரை பழகாத கிருமிகள் சுற்றி வருகின்றன. போதாததற்கு வண்டிப் பயணம் வேறு. இந்த அதிர்ச்சியில் உடம்பின் எதிர்ப்பு சக்தி இறங்கிவிடும். நல்ல ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா இருந்துகொண்டிருந்த பாஸ்டுரெல்லா வகைக் கிருமிகள் அந்தச் சமயம் பார்த்து நுரையீரலுக்குள் இறங்கும். குடலில் கொஞ்சமாக இருந்த ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணி பெருகும். அதனால் நான் கீழே சொல்வதெல்லாம் ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும்: மாற்றங்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, அந்த உடம்பு தாங்குகிற வேகத்தில் கொடுங்கள்.

ஆட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே தனி இடம் தயாராக இருக்க வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். மழை, வெயில் படாத கூரை, ஈரம் தங்காத தரை, நாய் நுழைய முடியாத அடைப்பு போதும். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 10 முதல் 15 சதுர அடி கூரையடி இடம், அதைப்போல இரண்டு மடங்கு திறந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆடுகளும் புது ஆடுகளும் மூக்கோடு மூக்கு உரச முடியாத தூரம் வேண்டும். புது ஆடுகள் நிற்கும் இடத்துக் கழிவுநீர் பழைய கொட்டில் பக்கம் ஓடக் கூடாது. காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. உள்ளே போய், படுத்திருக்கும் ஆட்டின் மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் குனிந்து நன்றாக மூச்சை இழுங்கள். மூத்திர நெடி மூக்கில் ஏறினால் அந்த இடம் ஆகாது. நின்றபடி நமக்கு ஒன்றும் தெரியாது, ஆடு ராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசிக்கும்.

வேலி நான்கடியாவது இருக்க வேண்டும். கொம்புள்ள ஆடு என்றால் கம்பி வலையின் கண் அளவையும் பாருங்கள். தலை உள்ளே போய்க் கொம்பு மாட்டிக்கொள்கிற அளவு இருந்தால், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அது சிக்கி நிற்கும். புது இடத்தில் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டி வைப்பதை முடிந்தவரை தவிருங்கள். மிரண்ட ஆடு சுற்றிச் சுற்றி ஓடிக் கயிற்றில் சுருக்கிக்கொள்ளும்.

இனி விற்பவர் இடத்தில். அங்கே போனதும் உங்களுக்கென்று பிரித்து வைத்திருக்கும் ஆடுகளை உடனே பார்க்காதீர்கள். முதலில் மொத்தக் கூட்டத்தையும் சும்மா நின்று பாருங்கள். இருமல் கேட்கிறதா, நொண்டுகிற ஆடு உண்டா, வால் பக்கம் கழிச்சல் ஒட்டி இருக்கிறதா, தாடைக்கு அடியிலோ காதுக்குக் கீழேயோ கட்டி உள்ள ஆடு ஏதாவது தெரிகிறதா? கூட்டத்தில் இருக்கிற நோய் உங்கள் ஆட்டிலும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும், இன்றைக்கு வெளியே தெரியாவிட்டாலும். புழுக்கை தனித்தனி மணியாக, மினுமினுப்பாக இருக்க வேண்டும். திரண்டு கட்டியாக விழுந்தாலோ சாணிபோல இளகி இருந்தாலோ ஏன் என்று கேளுங்கள்.

அப்புறம் உங்கள் ஆடு. பல்லைப் பார்த்து வயதைத் தெரிந்துகொள்ளலாம். ஆட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும்தான், மொத்தம் எட்டு. எட்டும் சின்னச் சின்னதாக இருந்தால் பால் பல், ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை வயது, நான்கு என்றால் இரண்டு வயது, ஆறு என்றால் மூன்று, எட்டும் சேர்ந்துவிட்டால் நான்கு வயதுக்கு மேல். இது ஏறக்குறையச் சொல்லும் கணக்குதான். பால் தரும் பெட்டையானால் மடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மிருதுவாக இருக்க வேண்டும், கல்போல் இறுகி இருக்கக் கூடாது, இரண்டு காம்பிலும் பால் வர வேண்டும். நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். அழுகல் வாடை வந்தால் குளம்பழுகல் நோயாக இருக்கலாம், அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் உங்கள் மண்ணிலும் பரவும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நம்புவது கண் இமையின் உள்பக்கத்தை. வெயில் வெளிச்சத்தில் ஆட்டை நிறுத்தி, மேல் இமையைக் கட்டைவிரலால் மூடி லேசாக உள்ளே அழுத்தி, இன்னொரு விரலால் கீழ் இமையைக் கீழே இழுங்கள். உள் சதை ஒரு கணம் பிதுங்கித் தெரியும். அந்த நிறம்தான் ரத்தத்தின் அளவு. நல்ல சிவப்பாகவோ அடர்ந்த இளஞ்சிவப்பாகவோ இருந்தால் சரி. வெளிறிப்போய் வெள்ளையாக இருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணுங்கள். வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் வெப்பமான ஈரப்பதமுள்ள இடங்களில் பெரும்பாலும் இதுதான். இந்த நிறத்தை ஒன்றிலிருந்து ஐந்துவரை தரம் பிரித்துப் பார்க்க ஃபமாச்சா என்று ஒரு வண்ண அட்டை உண்டு. தென்னாப்பிரிக்காவில் செம்மறி ஆடுகளுக்காக உருவாக்கியது, பிறகு வெள்ளாட்டுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு என்றால் பயமில்லை. நான்கு, ஐந்து என்றால் ஆபத்து. வெள்ளாட்டில் மூன்றையே நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன். அட்டை இல்லாவிட்டால், உங்கள் வீட்டு ஆடுகளின் இமையைப் பார்த்து அந்த நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவற்றில் சில முக்கியம். என்ன தீவனம் போடுகிறார், காலையிலா மாலையிலா, எவ்வளவு? கடைசியாக எந்தக் குடற்புழு மருந்து, எப்போது? என்னென்ன தடுப்பூசி? பெட்டைகள் கிடாவோடு சேர்ந்து மேய்ந்தனவா, சினையாக இருக்க வாய்ப்புண்டா? இந்தக் கிடாக்குட்டியும் பெட்டைகளும் ஒரே தாய்க்கோ ஒரே கிடாவுக்கோ பிறந்தவையா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. கேட்டுவிடுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சினையின் கடைசி மாதத்தில் இருக்கும் பெட்டையாக இருந்தால் குட்டி போட்டுத் தேறிய பிறகு கொண்டுவருவதே நல்லது. சினைக்காலம் சுமார் 150 நாள், சேர்த்த தேதி தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம்.

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 30 நாள் தனிமை எல்லா நோயையும் காட்டிக்கொடுக்காது. ஆட்டுக்கொல்லி நோய் என்கிற பிபிஆர் பெரும்பாலும் தொற்றிய நான்கிலிருந்து ஆறு நாளில் காய்ச்சலாக வெளிப்படும், இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். வாய்ப்புண், சளி, சொறி, பேன், கால் மற்றும் வாய்க் காணை இவையும் ஒரு மாதத்துக்குள் முகம் காட்டிவிடும். ஆனால் தாடைக்கட்டி நோய் அப்படியில்லை. கிருமி உள்ளே போய்ச் சில மாதம் கழித்துத்தான் காதுக்குக் கீழேயோ தோள் முன்னாலோ கெட்டியான சீழ்க்கட்டி எழும்பும். அது உடைந்து சீழ் மண்ணில் விழுந்தால் கிருமி மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மூட்டு வீங்கிப்போகும் சிஏஇ என்ற வைரஸ் நோய், ஆடு நன்றாகத் தின்றுகொண்டே இளைத்துப்போகும் ஜோனி நோய் இவையெல்லாம் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கக் கூடியவை. புருசெல்லோசிஸ் கருச்சிதைவு ஏற்படும்போதுதான் வெளியே தெரியும், அது மனிதருக்கும் தொற்றும். இவற்றுக்கு ரத்தப் பரிசோதனைதான் வழி. முடிந்தால் விலை பேசி முடிப்பதற்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தனிமையில் இருக்கும்போதாவது கால்நடை மருத்துவரிடம் சொல்லி எடுத்துவிடுங்கள். ஜோனி நோய் இளம் ஆடுகளின் பரிசோதனையில் எளிதில் சிக்காது, அதனால்தான் அந்தக் கூட்டத்தில் வயதான ஆடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கச் சொல்கிறேன்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயில் ஏறுவதற்கு முன் கிளம்புங்கள். வண்டியின் தரையில் வழுக்காதபடி வைக்கோல் பரப்புங்கள். காற்று வர வேண்டும், ஆனால் நேரே முகத்தில் அறையக் கூடாது. கால்களைக் கட்டிப் போடாதீர்கள், படுக்கவும் எழவும் இடம் இருக்கட்டும். கிளம்பும் முன் தானியம், பிண்ணாக்கு போன்ற அடர்தீவனம் வேண்டாம், தழையும் தண்ணீரும் போதும். மறக்காமல் அங்கே போடும் அதே தீவனத்தில் ஒரு வாரத்துக்கு ஆகிற அளவு கேட்டு வாங்கி வாருங்கள். பணம் கொடுத்தாவது வாங்குங்கள்.

வந்து இறங்கிய அன்று ஆடுகளைச் சும்மா விட்டுவிடுவதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. சுத்தமான தண்ணீர், உலர்ந்த புல் அல்லது வைக்கோல், நிழல். ஊரே வந்து பார்க்க வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், ஊசி, மருந்து ஒன்றும் அன்றைக்கு வேண்டாம். முதல் ராத்திரி கத்தும். கூட்டத்தைப் பிரிந்து வந்த ஆடு கத்தத்தான் செய்யும். உங்களுக்கு மூன்று சேர்ந்து வருவதால் பரவாயில்லை. ஒற்றை ஆடு வாங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, இரண்டாக வாங்குங்கள் அல்லது வாங்கவே வேண்டாம் என்பதுதான். தனியாக நிற்கும் வெள்ளாடு கத்திக் கத்தித் தீவனத்தை விட்டுவிடும். தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். புது இடத்துத் தண்ணீரின் வாசனை பிடிக்காமல் சில ஆடுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். லேசாக வெதுவெதுப்பாக்கி வைத்தால் பெரும்பாலும் குடித்துவிடும். வாளியில் ஒரே ஒரு புழுக்கை விழுந்திருந்தாலும் தொடாது, அடிக்கடி கழுவி ஊற்றுங்கள்.

மறுநாளிலிருந்து தனிமைக்காலம் ஒழுங்காகத் தொடங்கும். வேலை வரிசை எப்போதும் பழைய ஆடுகள் முதலில், புது ஆடுகள் கடைசியில் என்று இருக்கட்டும். புது ஆடுகளிடம் போகத் தனிச் செருப்பு, தனி வாளி, தனித் துடைப்பம். திரும்பும்போது கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒருவரே இரண்டு இடமும் பார்ப்பதானால் மேல்சட்டையையும் மாற்றுங்கள். இதெல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள். பிபிஆர் 1942-இல் ஐவரி கோஸ்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய், இன்று ஆப்பிரிக்கா, ஆசியா முழுக்கப் பரவி நிற்கிறது. 2030-க்குள் அதை உலகத்திலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று சர்வதேச அளவில் திட்டம் போட்டு வேலை நடக்கிறது. அவ்வளவு தூரம் அது பரவியதில், விற்று வாங்கிய ஆடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு வீட்டில் மூன்று ஆடு இருந்தாலும் முப்பது இருந்தாலும் வாசல் காவல் ஒன்றுதான்.

முதல் இரண்டு வாரம் காலையில் வெப்பமானியால் காய்ச்சல் பார்ப்பது நல்ல பழக்கம். ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. மத்தியான வெயிலில் சும்மாவே ஏறிக் காட்டும், அதனால்தான் காலை. இரண்டு நாள் தொடர்ந்து 104-க்கு மேல் இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூக்கொழுகல், கண்ணில் பீளை, வாயில் புண் என்று ஏதாவது அதோடு சேர்ந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது குடற்புழு. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு நோய் வந்தால் அந்த வருடத்தோடு போகும், மருந்துக்கு அடங்காத புழு உங்கள் மேய்ச்சல் நிலத்தில் இறங்கிவிட்டால் அதற்கப்புறம் வருகிற ஆடுகளையெல்லாம் அது பாதிக்கும்.

வெள்ளாட்டின் பெரிய எதிரி நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்ற புழு. ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு ஐயாயிரம் முட்டைக்கு மேல் போடும். முட்டைகள் புழுக்கையோடு தரையில் விழுந்து, சூடும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் நோய் தரும் இளம்புழுவாகி, புல்லின் அடிப்பகுதியில் பனித்துளியோடு ஏறி நிற்கும். ஆடு அடிவரை கடித்து மேயும்போது உள்ளே போய்விடும். சுமார் மூன்று வாரத்தில் அது வளர்ந்து முட்டை போடத் தொடங்கும். வெள்ளாடு இயல்பாகவே தலையைத் தூக்கித் தழை கடிக்கிற பிராணி. தரையோடு மேய்வதற்கு நாம்தான் பழக்குகிறோம். கட்டித் தொங்கவிட்ட தழையைத் தின்னும் ஆட்டுக்குப் புழுத்தொல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆல்பெண்டசோல், லெவமிசோல், ஐவர்மெக்டின் என்று மருந்துகளில் சில குடும்பங்கள் உண்டு. எங்கோ ஒரு பண்ணையில் ஒரே மருந்தை மாதாமாதம் குறைந்த அளவில் கொடுத்துப் பழக்கியிருந்தால், அந்த மருந்தில் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். நீங்கள் வாங்கும் ஆடு அவற்றைத்தான் வயிற்றில் சுமந்து வருகிறது. அதனால் வந்ததும் அவிழ்த்து மேய விடுவது, மேயவிட்டு அப்புறம் மருந்து கொடுப்பது, இரண்டும் தவறு. செய்ய வேண்டியது இது: ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டின் புதுப் புழுக்கையையும் தனித்தனியாக எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மருத்துவர் சொல்கிறபடி மருந்து கொடுங்கள், புது ஆட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பத்து மருந்தாகச் சொல்வார்கள். பத்திலிருந்து பதினான்கு நாள் கழித்து மறுபடியும் முட்டை எண்ணிக்கை பாருங்கள். 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அந்த மருந்து இந்த ஆட்டின் புழுவிடம் செல்லாது என்று அர்த்தம். அந்த இரண்டாவது முடிவு வரும்வரை ஆடுகள் காய்ந்த தரையிலேயே நிற்கட்டும். அங்கே சேரும் புழுக்கையைக் கூட்டி அள்ளி, ஆடுகள் மேயும் இடத்தில் போடாமல், நன்றாகச் சூடேறி மக்கும் குப்பையில் சேருங்கள்.

மருந்தின் அளவை எடையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கண் மதிப்பில் கொடுத்தால் பெரும்பாலும் குறைவாகவே போகும். சின்ன ஆடானால் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். செம்மறிக்கு எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது, வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதற்காக நீங்களாகக் கூட்டியும் கொடுக்காதீர்கள், லெவமிசோல் அளவு மீறினால் விஷமாகும். சினை பிடித்த முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் கூடாது, குட்டி ஊனமாகப் பிறக்கலாம். சினையா இல்லையா என்று விற்பவரிடம் கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இமை வெளுத்து, தாடைக்கு அடியில் தண்ணீர் கோத்து மெத்தென்று வீங்கியிருந்தால் மட்டும் ஓய்வு நாளெல்லாம் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

தீவனத்துக்கு வருவோம். ஆட்டின் பெருவயிற்றில் தீவனத்தைச் செரிக்க வைப்பது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். வைக்கோலுக்குப் பழகிய நுண்ணுயிர்க் கூட்டம் வேறு, தானியத்துக்குப் பழகியது வேறு. ஒரே நாளில் தீவனத்தை மாற்றினால் ஒரு கூட்டம் செத்து மற்றொன்று கட்டுக்கடங்காமல் பெருகும். தானியம் திடீரென்று அதிகமானால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடு சாய்ந்துவிடும். துள்ளுமாரி என்கிற குடல்நச்சு நோயும் அப்போதுதான் அடிக்கும், நேற்று நன்றாகத் தின்ற ஆடு இன்று காலையில் செத்துக் கிடக்கும். பாவம், இளைத்து வந்திருக்கிறதே என்று முதல் வாரத்தில் அள்ளி அள்ளி அடர்தீவனம் போடுவது அன்பில் செய்கிற காரியம்தான், ஆனால் ஆட்டின் வயிறு அதைத் தாங்காது.

கொண்டுவந்த பழைய தீவனத்தில் தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, பத்து நாளில் முழுக்க மாற்றுங்கள். உலர்ந்த புல் எந்நேரமும் எதிரில் இருக்கட்டும். மொத்தத்தில் ஆடு தன் எடையில் மூன்று முதல் நான்கு சதவீதம் உலர்ந்த சத்து தின்னும். முப்பது கிலோ ஆடு என்றால் ஒரு கிலோ அளவு. பசுந்தழையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதுவே நான்கு, ஐந்து கிலோவாகிவிடும். தீவனத்தைத் தரையில் போடாதீர்கள், மிதித்ததைத் தின்னாது. தாது உப்புக் கட்டி தொங்கவிடுங்கள். செம்மறிக்கென்று விற்கும் கலவையில் தாமிரம் குறைவாக இருக்கும், வெள்ளாட்டுக்குத் தாமிரம் தேவை, பார்த்து வாங்குங்கள். உங்கள் இடத்தைச் சுற்றி அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடி இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். பழகிய ஆடு ஒதுக்கிவிடும் செடியைப் பசியோடு வந்த புது ஆடு கடிக்கும். வாடிய இளஞ்சோளமும் மரவள்ளி இலையும் கூடாது, இரண்டிலும் சயனைடு விஷம் உண்டு.

தடுப்பூசிக்குச் சான்று இல்லையென்றால் போடவில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆடு தேறி, காய்ச்சல் இல்லை என்று உறுதியான பிறகு, ஒரு வாரம் கழித்துத் தொடங்கலாம். துள்ளுமாரிக்கு முதல்முறை போடும்போது மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். மற்றவை உங்கள் பகுதியில் எந்த நோய் இருக்கிறது என்பதைப் பொறுத்தது, மருத்துவர் சொல்வார்.

மூன்று வாரம் நல்லபடியாகப் போய், பரிசோதனை முடிவுகளும் சரியாக இருந்தால், கடைசி வாரத்தில் இரண்டு கூட்டத்தையும் ஒரு கம்பி வேலியின் இரு பக்கமும் நிறுத்துங்கள். பார்க்கட்டும், மோந்து பார்க்கட்டும். வேலிக்கு இருபுறமும் தீவனம் வைத்தால் பக்கத்தில் நின்று தின்னப் பழகும். அப்புறம் சேர்க்கும் நாள். கொட்டிலுக்குள் சேர்க்காதீர்கள், திறந்த வெளியில், காலையில், இரண்டு கூட்டமும் வயிறு நிறைந்திருக்கும்போது சேருங்கள். மூன்று புது ஆடுகளையும் ஒன்றாகவே விடுங்கள். ஒவ்வொன்றாக விட்டால் பழைய மூன்றும் சேர்ந்து ஒன்றைத் துரத்தும்.

முட்டிக்கொள்ளும், நிச்சயமாக. ஆடுகளுக்குள் யார் முதலில் தின்பது, யார் விலகுவது என்று ஒரு வரிசை உண்டு. புதிதாக ஒன்று வந்தால் அந்த வரிசை மறுபடியும் எழுதப்பட வேண்டும். பின்னங்காலில் எழும்பி நின்று, தலையைச் சாய்த்து, எதிரே நிற்பதன் நெற்றியில் இறங்கி இடிப்பது முறையான சண்டை. சத்தம் பயமாக இருக்கும், ஆனால் தலையிடாதீர்கள். நீங்கள் பிரித்தால் முடிவு வராமல் மறுநாளும் நடக்கும். ஒன்று தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் திரும்பி விலகியதும் மற்றது நின்றுவிட்டால் எல்லாம் சரி. விலகிய பிறகும் துரத்தித் துரத்திப் பக்கத்து வயிற்றில் முட்டுவது, மூலையில் ஒடுக்குவது, கொம்பில்லாததைக் கொம்புள்ளது விடாமல் இடிப்பது, ரத்தம் வருவது, இவற்றுக்குத்தான் பிரிக்க வேண்டும். சினை ஆடு கூட்டத்தில் இருந்தால் வயிற்றில் முட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிறைசினை என்றால் சேர்ப்பதையே தள்ளிப் போடுங்கள்.

பெரும்பாலான சண்டை உண்மையில் தீவனத் தொட்டியில்தான் நடக்கிறது. ஆறு ஆடு என்றால் ஏழு இடத்தில், தள்ளித் தள்ளித் தீவனம் வையுங்கள். தண்ணீரும் இரண்டு இடத்தில். ஒரு மூட்டை மண்ணோ கட்டைக் குவியலோ நடுவில் இருந்தால், துரத்தப்படும் ஆடு சுற்றி ஓடவும் ஏறி நிற்கவும் வழி கிடைக்கும். முதல் சில நாள் ராத்திரி மட்டும் தனித்தனியாக அடையுங்கள். ஒரு வாரத்தில் ஓரளவு அடங்கிவிடும். வாரம் கடந்தும் ஒரு ஆடு ஓரத்திலேயே நின்று, மற்றவை தின்று முடித்த பிறகு மிச்சத்தைப் பொறுக்குகிறது என்றால், பழைய ஆடுகளில் சாதுவானதை அதோடு சேர்த்து இரண்டையும் சில நாள் தனியாக வைத்து, பிறகு ஜோடியாக உள்ளே விடுங்கள். துணையோடு வரும் ஆட்டை அவ்வளவாகத் தொட மாட்டா.

பிள்ளைகளைப் பற்றி. தனிமைக்காலம் முடியும்வரை அவர்கள் உள்ளே போக வேண்டாம், வேலிக்கு வெளியே நின்று பார்க்கட்டும். ஆட்டு உதட்டில் வரும் வாய்ப்புண் மனிதர் கையில் தொற்றும். அப்புறம் தாராளமாகப் பழகலாம், கை கழுவும் பழக்கம் மட்டும் கட்டாயம். ஆட்டைத் துரத்திப் பிடிக்கச் சொல்லாமல், ஒரு பிடி தழையோடு தரையில் சும்மா உட்காரச் சொல்லுங்கள். தானாக வரும். கிடாக்குட்டியின் நெற்றியில் கைவைத்துத் தள்ளி முட்டு விளையாட விடாதீர்கள். இன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும். வளர்ந்த பிறகு அதே குழந்தையை அது இடுப்பளவு உயரத்தில் முட்டித் தள்ளும், அப்போது அதன் பேரில் தவறு சொல்ல முடியாது. பால் கறந்தால் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். குட்டி போடும் இடத்தில், நஞ்சுக்கொடி அள்ளும் வேலையில் கர்ப்பிணிகள் இருக்கக் கூடாது.

மருத்துவரை உடனே கூப்பிட வேண்டிய அறிகுறிகளைக் குறித்து வையுங்கள்: அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பல்லை நறநறவென்று கடிப்பது, இடது விலாப் பள்ளம் உப்பி மத்தளம்போல் இறுகுவது, ரத்தம் கலந்த கழிச்சல், மூச்சிழுக்கும்போது மூக்கு விரிவது, உடல் சூடு 100-க்குக் கீழே இறங்குவது. குட்டிகளுக்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது, கழிச்சலில் ஒரே நாளில் வற்றிவிடும். திடீரென்று செத்து மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வந்திருந்தால், அறுக்காமல், தோலுரிக்காமல், தொடாமல் சொல்லி அனுப்புங்கள். அது ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோயாக இருக்கலாம்.

கடைசியாகக் கிடாக்குட்டி. குட்டிதானே என்று பெட்டைகளோடு விட்டு வைப்பார்கள். மூன்று மாதத்திலேயே சில கிடாக்குட்டிகள் சினைப்படுத்தும் அளவுக்குத் தயாராகிவிடும். உங்கள் இளம் பெட்டைகள் உடம்பு தேறுவதற்கு முன் சினையானால் ஈனும்போது தாயும் போகலாம், குட்டியும் போகலாம். மூன்றும் ஒரே தாய்க்கோ ஒரே கிடாவுக்கோ பிறந்தவையா என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அப்படியிருந்தால் இந்தக் கிடாவை அந்தப் பெட்டைகளோடு ஒருபோதும் சேர்க்க முடியாது. ஆகவே வரும்போதே மூன்று மாதம் ஆகியிருந்தால், தனிமைக்காலத்திலேயே நடுவில் ஒரு பலமான தடுப்பு போட்டு, பெட்டைகள் கண்ணுக்குத் தெரியும்படி பக்கத்திலேயே நிறுத்துங்கள். இனப்பெருக்கத்துக்கு வேண்டாம் என்றால் எந்த வயதில் காயடிப்பது என்று மருத்துவரைக் கேளுங்கள். மிகச் சின்ன வயதில் காயடித்து, தானியமும் நிறையக் கொடுத்து வளர்த்தால் மூத்திரக் குழாயில் கல் வந்து அடைக்கும். இனத்துக்கே வைத்துக்கொள்வதென்றால், தனியாக நிற்காமல் அதற்கும் ஒரு துணை வேண்டும். காயடித்த கிடா ஒன்று கிடைத்தால் அதுவே நல்ல துணை, அதையும் இதேபோல ஒரு மாதம் தனியாக வைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.